நெஞ்சுயரத்தில் ஒரு முடிச்சு

தர்ஷனாவின் வேலை மரங்களின் சுற்றளவை எடுப்பது. யாராவது கேட்டால் "சுற்றுச்சூழல் கம்பெனி" என்று சொல்லி நிறுத்திக்கொள்வாள். கல்யாணமான புதிதில் அவள் கணவன் பிரேம் தன் நண்பர்களிடம் அவளை இப்படித்தான் அறிமுகப்படுத்துவான்: "என் வைஃப் மரத்துக்கெல்லாம் டெய்லர்லா. அளவு மட்டும் எடுப்பாங்க, சட்டை வராது." அப்போது அவளுக்கும் சிரிப்பு வரும்.

அந்த வேலையில் சிரிக்கவும் ஒன்றுமில்லை, பெருமை பேசவும் ஒன்றுமில்லை. காட்டுக்குள் ஒரு துண்டு நிலத்தைச் சதுரமாகக் கயிறு கட்டிப் பிரிப்பார்கள். அதற்குள் முன்கை பருமனுக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு மரத்துக்கும், ஆள் நின்றால் நெஞ்சு வரும் உயரத்தில், டேப்பைச் சுற்றி அளவெடுக்க வேண்டும். இனமும் பருமனும் தெரிந்தால் மரத்தின் எடையைக் கணக்கிட்டுவிடலாம். காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரிமம். அது முன்பு காற்றில் இருந்தது, இப்போது மரத்தில் இருக்கிறது, வெட்டி எரித்தால் மறுபடியும் காற்றுக்கே போகும். எந்தக் காடு எவ்வளவு கரிமத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் இப்போதெல்லாம் அதிகம். அதனால் தர்ஷனாவுக்கு வேலை இல்லாத மாதமே கிடையாது.

அவள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டி இந்த ஊருக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. தாத்தா குமாஸ்தா, அப்பாவும் குமாஸ்தா. மகள் செடிகொடிகளைப் பற்றி டிப்ளமா படிக்கப் போகிறாள் என்றதும் வீட்டில் இரண்டு நாள் யாரும் சரியாகப் பேசவில்லை. பிறகு பழகிவிட்டார்கள். அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. பிரேம் ரயில் பணிமனையில் டெக்னீஷியன். தேக்கா சந்தைக்குப் பின்னால் இருக்கும் அடுக்குமாடியில் பதினோராவது மாடியில் இருவரும் இருக்கிறார்கள். அந்த வீட்டில் ஓர் அறையை வெகுநாள் காலியாக வைத்திருந்தார்கள். இப்போது அதில் துணி மடிக்கிறார்கள்.

பிரேமின் அம்மா செம்பவாங்கில் இருக்கிறார். அவர் குடியிருக்கும் அடுக்குமாடியிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு காடு. ஆதிகாலத்துக் காடு அல்ல. கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அங்கே வரிசை வீடுகள் இருந்தன. வீடுகளை இடித்த பிறகு நிலத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். யாரும் விதைக்காமல் புல் வந்தது, புதர் வந்தது, பின்னாலேயே மரங்களும் வந்தன. இடிக்காமல் விட்ட ஒரு குளியலறைச் சுவரில் பறவை போட்ட விதையிலிருந்து ஓர் அரச மரம் கிளம்பிற்று. அது சுவரைப் பிளந்து, செங்கல்லை வேருக்குள் வாங்கிக்கொண்டு, அந்தக் காட்டிலேயே பெரிய மரமாக நின்றது. யாரோ அதன் அடியில் ஒரு பிள்ளையாரை வைத்தார்கள். பிள்ளை வேண்டும் என்பவர்கள் மரத்தில் சின்ன மரத்தொட்டில் கட்டத் தொடங்கினார்கள்.

ஏழெட்டு வருடத்துக்கு முன் தர்ஷனாவும் பிரேமும் கட்டினார்கள். அத்தைதான் கூட்டிக்கொண்டு போனார்.

"மஞ்சக் கயிறு எங்கடா?"

"மறந்துட்டேன்மா."

பிரேம் ஓடிப்போய்க் கார் டிக்கியிலிருந்து துணி காயப்போடும் பச்சை நைலான் கயிற்றை எடுத்து வந்தான். நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றிக் கட்டி, காலால் மரத்தை உதைத்துக்கொண்டு இழுத்து முடிச்சுப் போட்டான்.

"சாமியைப் போய் உதைக்கிறியேடா!"

"பட்டாளத்துல என்எஸ் பண்ணப்ப கத்துக்கிட்ட முடிச்சும்மா. இதை வச்சுப் பாலமே கட்டலாம். சாமியே வந்து இழுத்தாலும் அவுறாது."

"அவுறணும்டா. பொறந்ததும் நீங்க வந்து அவுக்கணும்."

மூவரும் சிரித்தார்கள். அவளும் பிரேமும் மரத்தை ஒன்பது முறை சுற்றி வந்தார்கள். கொசு பிடுங்கியது. பிறகு சிகிச்சை ஆரம்பித்தது. ஊசிகள், காத்திருப்பு, மறுபடி ஊசிகள். இரண்டு முறை தங்கி, தங்காமல் போயிற்று. போன வருடம் மருத்துவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இதற்கு மேல் வேண்டாம் என்று நல்லவிதமாகச் சொன்னார். தர்ஷனா நன்றி சொல்லிவிட்டு வந்தாள். வரும் வழியில் கறிவேப்பிலை வாங்கினாள்.

அன்றிலிருந்து அவளுக்கு எல்லாம் பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது. உதடு அங்கேதான் இருக்கிறது. தொடுவதும் தெரிகிறது. ஆனால் தன் உதடாக இல்லை. அழவில்லை. வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். அத்தையின் வீட்டுக்கு மட்டும் போவது குறைந்தது.

இந்த வருடம் மழைக்காலம் முடிந்ததும் அந்தக் காடே வேலையாக வந்தது.

அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒரு நிறுவனம் கால்வாய்க்கு அந்தப் பக்கம் பல வருடத்துக்கு முன்பே மரம் நட்டிருந்தது. நல்ல நாற்றுகள், வரிசையாக, முட்டுக்குச்சியோடு. அவை நன்றாக வளர்ந்திருந்தன. இப்போது கால்வாய்க்கு இந்தப் பக்கம் தானாக வளர்ந்த காட்டையும் அழித்துவிட்டு அதேபோல் நடலாமா என்று அவர்கள் கேட்டார்கள். நட்ட காடு அதிகக் கரிமம் வைத்திருக்கிறதா, தானாக வந்த காடா? தர்ஷனாவின் கம்பெனி இரண்டையும் அளந்து சொல்ல வேண்டும்.

அவளோடு அளப்பவன் உமைர். முப்பதைத் தாண்டியவன், கடையநல்லூர் பூர்விகம், வாய் ஓயாதவன். காட்டுக்குள் கட்டத்தின் நடுவே ஒரு கயிற்றை இழுத்து இரண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். ஆளுக்கொரு பாதி. அன்றைக்கு அந்தக் கயிறு நேராகப் போய் அரச மரத்தில் முட்டி நின்றது. மரம் பாதி அவன் பக்கம், பாதி அவள் பக்கம்.

உமைர் மரத்தைப் பார்த்தான். பிள்ளையார், விளக்கு, மஞ்சள் துணி. இது அக்காவின் சாமி, நாம் பூட்ஸோடு போய்த் தொட்டு வைத்தால் நன்றாக இருக்காது, அக்காவே அளந்துகொள்ளட்டும் என்று மரியாதையாக விலகிப் போய்விட்டான். தர்ஷனாவும் மரத்தைப் பார்த்தாள். பச்சை நைலான் கயிற்றைப் பார்த்தாள். உமைர் இருக்கிறானே, அவன் அளப்பான் என்று அவளும் விலகிப் போனாள். இருவரும் அவரவர் பாதியில் இருந்த மற்ற மரங்களை ஒன்று விடாமல் அளந்தார்கள். சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் உமைர், "எல்லாம் முடிஞ்சுதாக்கா?" என்று கேட்டான். "முடிஞ்சுது" என்றாள்.

கணக்கு வந்தபோது நட்ட காடுதான் முன்னால் இருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் போதுமான வித்தியாசம். அவர்களுடைய மேலாளர் டாக்டர் சிவமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"எனக்கு என்னமோ இடிக்குது. வீடு இடிச்சு நாப்பது வருஷம் இருக்கும், இவ்வளவுதானா? ஆனா நம்பர் நம்பர்தான். வர்ற வாரம் ரிப்போர்ட் அனுப்பிடலாம். அவங்க வருஷக் கடைசியில கிளியர் பண்ணிடுவாங்க."

தர்ஷனாவுக்கு அந்த எண் ஏன் குறைவாக இருக்கிறது என்று உடனே புரிந்துவிட்டது. இதில் ஒன்றும் சூட்சுமம் இல்லை. சின்ன மரங்கள் நூறு சேர்ந்து வைத்திருப்பதை ஒரு பெரிய மரம் தனியாக வைத்திருக்கும். அந்த ஒரு மரம் கணக்கில் இல்லை. உமைர் அளக்கவில்லை.

அவள் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு ரயிலில் வரும்போது அதைப் பற்றி நினைத்துப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் போதும். வருடக் கடைசியில் மண்வாரி இயந்திரம் வரும். பிள்ளையாரை யாராவது முறைப்படி எடுத்துக்கொண்டு போவார்கள். மரம் விழும். தொட்டில், கயிறு, முடிச்சு எல்லாம் சேர்ந்து லாரியில் போகும். அவள் போய் அவிழ்க்க வேண்டியதில்லை. யாரும் அவளைக் கேட்கவும் மாட்டார்கள். இதை நினைத்தபோது வருத்தமோ சந்தோஷமோ வரவில்லை. இருக்கை கிடைத்ததும் உட்கார்வது போலத்தான் இருந்தது.

அந்த வாரம் அப்படியே போயிற்று. அறிக்கை போவதற்கு முன் ஒரு நாள் மதியம் அவளும் உமைரும் தேக்கா உணவங்காடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உமைர் முர்தபாக் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டே கேட்டான்:

"அக்கா, அந்தப் பெரிய அரச மரம் எவ்வளவு வந்துச்சு? சொல்லவே இல்லையே. நான் மனசுக்குள்ள ஒரு நம்பர் வச்சிருக்கேன், சரியா பாக்கணும்."

தர்ஷனா கையிலிருந்த கரண்டியைத் தட்டில் வைத்தாள். ஏதாவது ஓர் எண்ணைச் சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான், பேச்சு வேறு எங்காவது போயிருக்கும். ஆனால் இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அளக்காத மரத்துக்கு அவள் எண் சொன்னதில்லை. வாய் அதற்குப் பழகியிருக்கவில்லை.

"நான் அளக்கல உமைர்."

"என்னக்கா சொல்றீங்க? நான் உங்களுக்குன்னுல விட்டேன்! உங்க சாமி மரமாச்சே, நான் பாட்டுக்கு டேப்பைப் போட்டு இழுத்தா நல்லா இருக்குமா?"

"நீ அளந்திருப்பேன்னு நெனச்சேன்."

"அலாமாக்!" உமைர் தலையில் கை வைத்தான். கையில் குழம்பு இருந்தது. "ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மரியாதை குடுத்து, காட்டையே காலி பண்ணியிருப்போம்லா!"

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உமைர் சிரித்தான். பிறகு அவள் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டான்.

டாக்டர் சிவமணியிடம் இருவரும் சேர்ந்தே போய்ச் சொன்னார்கள். அவர் திட்டவில்லை. அவர்களை மாறி மாறிப் பார்த்தார்.

"இந்த ஊர்ல மட்டும்தான் இப்படி ஒரு தப்பு நடக்கும்" என்றார். "நாளைக்குக் காலையில போய் அளந்துட்டு வாங்க. ரிப்போர்ட்டை நிறுத்தி வைக்கிறேன். ரெண்டு பேரும் போகணும், புரியுதா? யாரும் யாருக்கும் விட்டுக் குடுக்கக் கூடாது."

மறுநாள் காலையில் காடு ஈரமாக இருந்தது. மரத்தடியில் தர்ஷனா பூட்ஸைக் கழற்றினாள். அதைப் பார்த்து உமைரும் கழற்றினான்.

"எறும்பு கடிச்சா கம்பெனிதான் மருந்து வாங்கித் தரணும்" என்றான்.

வழக்கமாக டேப்பின் நுனியிலிருக்கும் கொக்கியைப் பட்டையில் குத்திவிட்டு ஒருவரே சுற்றி வந்துவிடலாம். கொக்கியை எடுத்த உமைர் தயங்கினான். "குத்த வேணாம்க்கா. நான் பிடிச்சுக்கிறேன், நீங்க சுத்தி வாங்க."

நெஞ்சு உயரத்தில் டேப் போட முடியவில்லை. அங்கேதான் எல்லாரும் கட்டியிருந்தார்கள். மரத்துக்கு மாலை போட்டது போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கயிறுகள், மக்கிய மஞ்சள் நூல்கள், சாயம் போன தொட்டில்கள். அந்த இடத்தில் மரம் இடுப்பு வார் இறுக்கிய வயிறு போல மேலும் கீழும் பிதுங்கியிருந்தது. இப்படி இருந்தால் வீக்கத்துக்கு மேலே போய் அளக்க வேண்டும் என்பது விதி. உமைர் கையைத் தூக்கி நுனியைப் பிடித்தான். தர்ஷனா டேப்பை விட்டுக்கொண்டே நடந்தாள்.

பிள்ளையாரைத் தாண்டினாள். உடைந்த சுவரின் மிச்சத்தைத் தாண்டினாள். மரத்தின் பின்பக்கத்தில் அவர்களுடைய தொட்டில் இருந்தது. ஒரு பக்கத்துக் கால் இல்லை. உள்ளே காய்ந்த இலையும் கொஞ்சம் மண்ணும் சேர்ந்து, அதில் ஒரு சின்னப் பெரணி முளைத்திருந்தது. பச்சை நைலான் கயிறு ஒரு விரல் நீளம்தான் வெளியே தெரிந்தது. அதற்கு அப்பால் இரண்டு பக்கமும் பட்டைக்குள் போய்விட்டது. முடிச்சு மட்டும் வெளியே நின்றது.

அவள் அதைத் தொட்டாள். இறுக்கமாக இருந்தது.

"என்னக்கா நின்னுட்டீங்க?" உமைர் அந்தப் பக்கத்திலிருந்து தலையை நீட்டிப் பார்த்தான். "யப்பா, எவன் கட்டின முடிச்சு இது? கமாண்டோவா இருப்பான் போல. மரம் செத்தாலும் இது அவுறாதுலா."

"என் புருஷன்" என்றாள் தர்ஷனா.

காட்டில் ஏதோ ஒரு பறவை ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தது. உமைர் டேப்பின் நுனியை விடவில்லை.

"சாரிக்கா" என்றான்.

"பரவால்ல. பிடி, விட்டுடாதே."

மீதியைச் சுற்றி வந்தாள். டேப்பை ஒன்றோடொன்று பொருத்தி, சமமாக இருக்கிறதா என்று பார்த்து, எண்ணை வாசித்தாள். உமைர் பதிந்துகொண்டான். அவன் மனதுக்குள் வைத்திருந்த எண் சரியாக இருந்ததா என்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. இன்னொருமுறை சரிபார்க்க வேண்டும் என்பதும் விதிதான். இந்த முறை அவன் சுற்றினான், அவள் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் எண் தகடு கட்ட வேண்டும். பெரிய மரங்களுக்கு ஆணி அடிக்காமல் ஸ்பிரிங் வைத்த கம்பியில் தகட்டைக் கோத்துக் கட்டுவதும் உண்டு. மரம் பருக்கப் பருக்க ஸ்பிரிங் விரியும். தர்ஷனா அதைக் கயிறுகளுக்கு மேலே கட்டினாள். கட்டிவிட்டுக் கம்பிக்கும் பட்டைக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். விரல் போயிற்று.

தொட்டிலை எடுக்கவில்லை. எடுக்க வேண்டுமென்றால் கத்தி வேண்டும், மரத்தையும் வெட்ட வேண்டும்.

அரச மரம் சேர்ந்ததும் கணக்கு மாறிவிட்டது. தானாக வந்த காடு முன்னால் போயிற்று. டாக்டர் சிவமணிக்கு அதுவும் பிடிக்கவில்லை. "ஒரே ஒரு மரத்தை நம்பி முடிவெடுக்க முடியாது" என்று சொல்லி, இன்னும் சில கட்டங்கள் போடச் சொன்னார். அவற்றில் எல்லாம் இவ்வளவு பெரிய மரம் இல்லை. ஆனாலும் நட்ட காட்டுக்குக் குறைவாக எதுவும் வரவில்லை. தானாக வந்த காட்டை அப்படியே விட்டுவிடலாம், நடுவதென்றால் வெறும் புல்லாகக் கிடக்கும் மேட்டில் நடலாம் என்று அறிக்கை போயிற்று. நிறுவனத்திலிருந்து ஒரு வரி நன்றி வந்தது. மேட்டில் குழி தோண்டத் தொடங்கிவிட்டார்கள் என்று பிறகு உமைர் சொன்னான்.

அந்தச் செய்தி வந்த அன்று தர்ஷனா வீட்டுக்குப் போனபோது பிரேம் துணி மடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அது இரவு வேலை வாரம். அவளும் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடித்தாள்.

"அந்தக் காட்டை வெட்டலையாம்" என்றாள். "அத்தை வீட்டுக்குப் பக்கத்துல இருக்கே, அது."

பிரேம் ஒரு சட்டையை மடித்து முடித்து அடுக்கில் வைத்தான். "நம்ம மரம் இருக்கா?"

"இருக்கு. நான்தான் அளந்தேன்."

"முடிச்சு?"

"இருக்கு."

"அவுத்துட்டியா?"

"அவுக்க முடியல. கயித்தை மரம் முழுங்கிடுச்சு."

அவன் தலையாட்டினான். கீழே சந்தையில் யாரோ லாரியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சொன்னேன்ல, அவுறாதுன்னு" என்றான் பிரேம். வேடிக்கையாகச் சொல்லத்தான் நினைத்தான். காலுறைகளில் ஜோடி தேடத் தொடங்கினான்.

தர்ஷனா அவனைப் பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. விரல் நுனியில் மட்டும், அந்த நைலான் முடிச்சின் சொரசொரப்பு இன்னும் இருப்பது போலத் தெரிந்தது. வேறு எதுவும் இவ்வளவு நாளாக அப்படித் தெரிந்ததில்லை.

"திரும்ப எப்போ அளப்பீங்க?"

"அஞ்சு வருஷம் கழிச்சு."

"அப்ப இன்னும் பெருசா இருக்கும்."

"இருக்கும். டேப்பை ஒரு ஆளு பிடிக்கணும்."

"உமைர் இருப்பான்ல?"

"இருப்பான்" என்றாள். அவன் தேடிக்கொண்டிருந்த கறுப்புக் காலுறை அவள் பக்கத்துக் குவியலில் கிடந்தது. அதை எடுத்து அவனிடம் நீட்டினாள். "நீயும் வா."